லூட்

லூட் என்பது பேரிக்காயை நெடுக்காகப் பிளந்தாற்போன்ற குடமும், குட்டையான தண்டியும், பின்புறமாக மடிந்த பிருடைத் தலையும் உடைய ஐரோப்பிய நரம்புக் கருவி. மூரிய ஸ்பெயின், சிசிலி வழியாக வந்த அரேபிய ‘ஊத்’ கருவியே இதன் மூலம். 1914இல் ஹார்ன்போஸ்டலும் ஸாக்ஸும் வகுத்த கருவிப் பாகுபாட்டில் தண்டியும் ஒலிக்கூடும் இணைந்து, தந்திகள் ஒலிப்பலகைக்கு இணையாக ஓடும் நரம்புக் கருவிகள் எல்லாமே லூட் வகையில் அடங்கும். அந்தக் கணக்கில் தஞ்சாவூர் வீணையும் லூட்தான். இங்கே பேசப்படுவது ஐரோப்பியக் கருவி மட்டும்.

15ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை இதை இறகால் மீட்டினார்கள். பிறகு விரலுக்கு மாறியதும் ஒருவரே பல குரல்களைச் சேர்த்து வாசிக்க முடிந்தது. 1500ஐ ஒட்டி ஆறு வரிசைத் தந்திகள் நிலைபெற்றன. உச்ச வரிசை பெரும்பாலும் ஒற்றைத் தந்தி, மற்றவை இரட்டை. தந்திகள் ஆட்டுக்குடலால் ஆனவை. தண்டியைச் சுற்றி முடிச்சிட்டுக் கட்டப்படும் மெட்டுகளும் குடல்நரம்பே என்பதால் அவற்றை முன்பின் நகர்த்தலாம்.

தந்தி இடைவெளிதான் இக்கருவியில் மிக நுட்பமான கணக்கு. குதிரை பலகையோடு ஒட்டப்பட்டது, அதன் துளைகள் நிலையானவை. தலைப்பக்கத்து மேருவோ சிறு துண்டு. கழற்றி வேறு பள்ளங்கள் வெட்டிய மற்றொன்றைப் பொருத்திவிடலாம். இடக்கை நெருக்கடிக்கு முதலில் மாற்ற வேண்டியது மேருவைத்தான். இரட்டையில் இரு தந்திகள் அதிகம் நெருங்கினால் அதிர்வில் மோதிக் கரகரக்கும், அதிகம் அகன்றால் விரல் ஒன்றைத் தொட்டு மற்றதை விட்டுவிடும். இன்றைய கருவிகளில் குதிரையருகே இந்த இடைவெளி ஏறத்தாழ 5 மி.மீ. வரிசைகளை மையத்திலிருந்து மையத்துக்குச் சமமாக வைத்தால் தடித்த மந்திரத் தந்திகளுக்கு நடுவே இடம் குறுகிவிடுகிறது. ஆகவே விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளப்பதே சரி. கித்தார் பழகி வருவோர் இதைவிட அகலம் கேட்பதுண்டு. அது கையின் பழக்கம், கருவியின் தேவையன்று.

மெட்டு கட்டும் விதியை ஹான்ஸ் கெர்லே 1532இலேயே அச்சிட்டுத் தந்தார். கலிலியோவின் தந்தையும் லூட் கலைஞருமான வின்சென்சோ கலிலேய் 1581இல் சொன்ன வழி இன்னும் எளியது: மீதமுள்ள தந்தி நீளத்தில் 18இல் ஒரு பங்கை ஒவ்வொரு மெட்டுக்கும் கழித்துக்கொண்டே போவது. இப்படிக் கட்டினால் 12ஆம் மெட்டு சரிபாதிக்குச் சற்று முன்னதாகவே விழும். விரல் அழுத்தத்தில் சுருதி கொஞ்சம் ஏறுவதால் கணக்கு சரியாகிவிடுகிறது. ஜான் டௌலண்ட் 1610இல் தன் மகன் ராபர்ட் வெளியிட்ட தொகுப்பில் தந்தி தேர்வதைப் பற்றியும் மெட்டு வைப்பதைப் பற்றியும் எழுதினார். தாமஸ் மேஸ் 1676இல் இன்னொரு யோசனை சொன்னார்: பகலில் கருவியைப் படுக்கையில் போர்வைக்குள் வைக்க வேண்டும், ஈரம் அண்டாது. அதன்மேல் யாரும் விழுந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையையும் அவரே சேர்த்துக்கொண்டார்.

பழைய லூட் இசை டேப்லச்சர் முறையில் எழுதப்பட்டது. எந்த வரிசையில் எந்த மெட்டை அழுத்துவது என்று மட்டுமே இது சொல்லும், சுரத்தின் பெயரைச் சொல்லாது. இத்தாலிய முறையில் ஆறு கோடுகளில் எண்கள். கீழ்க்கோடு உச்சத் தந்தி, 0 என்றால் திறந்த தந்தி. பிரெஞ்சு முறையில் எழுத்துகள். மேல்கோடே உச்சத் தந்தி. ஒன்றைப் பழகியவர் மற்றதை எடுத்தால் முதல் பக்கத்திலேயே தலைகீழாக வாசிப்பார். ஜெர்மன் முறையில் கோடே கிடையாது; தந்தியும் மெட்டும் சந்திக்கும் ஒவ்வோரிடத்துக்கும் தனிக்குறி. ஐந்து வரிசைக் காலத்தில் பிறந்த முறை இது. ஆறாவது வரிசைக்கு ஆளுக்கொரு குறி போட்டுக் குழப்பினார்கள். நியூரம்பர்க்கின் பார்வையற்ற இசைஞர் கான்ராட் பௌமன் இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள்.

மேலே கொடி போன்ற குறிகள் தாளம் காட்டும். ஆனால் ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் ஒலிக்க விடுவது என்பது ஏட்டில் இராது. விரலை எடுக்காமல் வைத்திருப்பது வாசிப்பவரின் பொறுப்பு. அச்சில் வந்த முதல் லூட் தொகுப்பு பிரான்செஸ்கோ ஸ்பினாசினோவுடையது; வெனிஸில் ஓட்டவியானோ பெட்ருச்சி 1507இல் அச்சிட்டார். ஏடுகளில் அழகானது வின்சென்சோ காபிரோலாவின் இசையைச் சுமார் 1517இல் அவருடைய மாணவர் எழுதிவைத்தது. இசை அறியாதவர் கையில் சிக்கினாலும் படத்துக்காகவாவது பாதுகாக்கட்டும் என்று ஓரங்களில் விலங்குகளையும் செடிகொடிகளையும் தீட்டினார். அந்த உபாயம் பலித்தது: ஏடு இன்று சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் வரிசைகள் பத்து, பதினொன்று என்று பெருகின. சுருதி அமைப்பும் மாறியது. மந்திரத் தந்திகளை எட்ட, விரல்களுக்குள் மடங்கியிருந்த வலக்கைக் கட்டைவிரல் வெளியே நீண்டது. 13 வரிசைக் கருவிக்கு எழுதியவர்களில் சில்வியஸ் லியோபோல்ட் வைஸ் தலையாயவர். டிரெஸ்டன் அரசவைக் கலைஞர், 1750இல் மறைந்தார். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் லூட் வழக்கொழிந்தது. 1893இல் ஆர்னால்ட் டால்மெட்ச் ஒன்றைச் செய்து மறுமலர்ச்சியைத் தொடங்கினார். பிரிட்டனில் 1956இலும் அமெரிக்காவில் 1966இலும் லூட் சங்கங்கள் தோன்றின. குடல்நரம்போடு நைலான் தந்திகளும் இப்போது புழக்கத்தில் உள்ளன.