கேக்குதா? ஓவர்

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே கேரளத்து மலை, கிழக்கே மேகமலை. செல்போன் வந்த புதிதில் சிக்னல் தேடி மொட்டை மாடி ஏறிய ஊர்கள் இவை. ஆனால் அதற்கு ரொம்ப முந்தியே, ஒரு துண்டு ஒயரை ஜன்னலில் கட்டினால் போதும், சிற்றலையில் லண்டனிலிருந்து தமிழோசை வந்துவிடும். இரைச்சலுக்கு நடுவில் குரல் மங்கும், திரும்ப வரும். மலை தடுக்காது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் மேலே அயனி மண்டலத்தில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகின்றன.

நடுக்கடலில் பாய்மரப் படகில் வாழ்கிறவரும் ஒரு பள்ளத்தாக்கில்தான் இருக்கிறார். பூமியின் வளைவுதான் அவருக்கு மலை. பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் எஃகு வடத்தையே ஆன்டெனா ஆக்குவார்கள். கடல்தண்ணீர்தான் எர்த். பகலில் உயர்ந்த அலைவரிசை, ராத்திரியில் தாழ்ந்தது என்று பழகிக்கொள்ள வேண்டும். பாடம் சின்னது: முதலில் கேள், யார் என்று சொல், எங்கே இருக்கிறாய் என்று சொல், பிறகு ‘ஓவர்’.

1968இல் சண்டே டைம்ஸ் பத்திரிகை, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் போட்டியை அறிவித்தது. கிளம்பியவர்கள் ஒன்பது பேர். பம்பாயில் கட்டிய ‘சுஹைலி’யில் போன ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ரேடியோ பாதி வழியில் கெட்டுப்போனது. நியூசிலாந்தைத் தாண்டியபின் பல மாதம் தகவலே இல்லை. 1969 ஏப்ரலில் அசோர்ஸ் தீவுகள் பக்கம் ஒரு எண்ணெய்க் கப்பலுக்கு விளக்கைக் காட்டித்தான் ‘உயிரோட இருக்கேன்’ என்று தெரிவித்தார். 312 நாளில் கரை சேர்ந்தது அவர் ஒருவர்தான். பெர்னார் முவாதெசியே ரேடியோவே வேண்டாம் என்றவர்; கடிதங்களைக் கவண்கல் போல எறிந்து கப்பல்களில் சேர்த்தார்.

டொனால்ட் குரோஹர்ஸ்ட் கதை வேறு. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர், ரேடியோவால் திசை அறியும் கருவி விற்றவர். படகு தேறாது என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. திரும்பினால் கடன், அவமானம். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, வேகமாகப் போவதாகப் பொய்யான தகவல் அனுப்பினார். பிறகு மாதக்கணக்கில் மௌனம். வீட்டில் மனைவியும் நான்கு குழந்தைகளும் அந்த மௌனத்தையும் நம்பினார்கள். 1969 ஜூலை 10 அன்று படகு மட்டும் கிடைத்தது, ஆள் இல்லை. நிஜக் கணக்கும் பொய்க் கணக்கும் உள்ளே இருந்தன. அந்தச் சின்னப் பாடத்தில் அவர் தவறவிட்டது ஒன்றைத்தான்: எங்கே இருக்கிறேன் என்பதை.

50 வருஷம் கழித்து, 2018இல் அதே போட்டி பழைய கருவிகளோடு திரும்ப நடந்தது. செயற்கைக்கோள் தொடர்புக்குக் கட்டுப்பாடு இருந்தது. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, சுஹைலி மாதிரியே கோவாவில் கட்டிய ‘துரியா’வில் போனார். செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடல் புயலில் படகு புரண்டது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடி, எழ முடியவில்லை. இருக்கிற நிலையை அப்படியே சின்னச் சின்னச் செய்தியாக அனுப்பினார். அரக்கோணத்தைத் தளமாகக் கொண்ட பி-8ஐ வகை விமானம் ஒன்று மொரீஷியஸிலிருந்து பறந்துபோய்ப் படகைக் கண்டது. 24ஆம் தேதி ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது.

2022இல் அடுத்த போட்டிக்கு மறுபடியும் கிளம்பினார். 2023 ஏப்ரலில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.