நாடாவில் எழுதிய பேரேடு

சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் மேற்கே திருவள்ளூருக்கும் 1979இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், அவ்விரண்டு ஊர்களும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். 1971இல் தமிழக அரசு நிறுவிய சிப்காட் கழகத்தின் தொழிற்பேட்டை கும்மிடிப்பூண்டியில் எழுந்தது. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ பேட்டை அமைந்தது. இரும்பும் இயந்திரமும் முழங்கிய அவ்விடங்களில் கணக்கு என்றால் பேரேடும் வருகைப் பதிவேடுமே. நாள் முடிவில் கூட்டிக் கோடிழுத்துக் கையெழுத்திடாத பக்கம் கணக்கில் சேராது என்பது அங்கே குமாஸ்தா முதல் முதலாளி வரை அனைவரும் அறிந்த நியதி. அந்த நியதியை அப்படியே வேறொரு சாதனத்தில் நான் காண்கிறேன்: எண்பதுகளில் பள்ளிப் பிள்ளைகள் கையாண்ட சிறு கணிப்பொறிகளின் ஒலிநாடாவில்.

1984-85இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தை ஆரம்பித்து, நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ என்ற யந்திரத்தை வழங்கிற்று. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981இன் இறுதியில் வெளியிட்ட அந்த யந்திரம், அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் கெமெனியும் கர்ட்ஸும் 1964இல் மாணவர்களுக்கென்றே இயற்றிய பேசிக் மொழியைப் பேசிற்று; அதற்கேற்ற பேசிக்கைச் செப்பனிட்டு அமைத்தவர் சோஃபி வில்சன். நினைவகம் 32 கிலோபைட். மின்சாரம் நின்றால் அதில் உள்ளது யாவும் மறையும். மின்வெட்டு அன்றாட வாழ்வின் அங்கமாயிருந்த அந்த நாட்களில், எழுதியதைப் பத்திரப்படுத்துவது மாணவனின் முதல் கடமையாயிற்று.

பத்திரப்படுத்தும் இடம், பாட்டுக் கேட்கும் அதே டேப் ரெக்கார்டரின் ஒலிநாடா. நிரலில் ‘ஓப்பன்அவுட்’ என்று எழுதிக் கோப்பைத் திறந்தால், ரெக்கார்டு பொத்தானை அழுத்திவிட்டு ரிட்டர்ன் விசையைத் தட்டுமாறு திரை ஆணையிடும். அழுத்தாமல் ரிட்டர்ன் விசையை மட்டும் தட்டினாலும் யந்திரத்திற்கு அது தெரியாது. வெறும் கம்பியில் தரவுகளைப் பாடிவிட்டுக் காரியம் முடிந்ததென்று அமைதியடையும். ‘பிரிண்ட்#’ கட்டளையால் எழுதும் ஒவ்வொரு பெயரும் எண்ணும் உடனே நாடாவிற்குப் போவதில்லை; 256 பைட் சேரும்வரை நினைவகத்தின் ஒரு மூலையில் காத்திருக்கும்; சேர்ந்ததும் உள்ளிருக்கும் ரிலே ‘டிக்’கென ஒலிக்க, ரெக்கார்டர் சுழன்று அந்தத் துண்டு பதிவாகும். கடைசியில் நிரம்பாமல் எஞ்சிய துண்டை நாடாவிற்கு அனுப்புவது ‘குளோஸ்#’ ஒன்றுதான். அதை மறந்த மாணவனின் பட்டியலில் இறுதிச் சில பெயர்கள் இராமல் போயின. கோடிழுத்து முடிக்காத பேரேட்டின் கதியும் இதுவே அல்லவா?

எழுதியதைத் திரும்பப் படிக்கும்போதுதான் பிழைகள் தலைகாட்டும். தேய்ந்த நாடா, தூசி படிந்த ஹெட், கூடுதலோ குறைவோ ஆன வால்யூம் இவற்றுள் எதுவும் ஒரு பிட்டைக் கெடுத்துவிடும். பிபிசி யந்திரத்தின் அமைப்பில் நான் பெரிதும் மதிக்கும் விவேகம் இங்கே இருக்கிறது: ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண்ணும் தனிச் சோதனைத் தொகையும் உண்டு, நிரலை ஏற்றும்போது ஒரு துண்டு கெட்டால் நாடாவைச் சற்றுப் பின்னோக்கிச் சுற்றுமாறு யந்திரம் வேண்டும், சுற்றினால் அந்தத் துண்டை மட்டும் மீண்டும் படித்து மேலே செல்லும். 1982இல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற மற்றொரு சிறு கணிப்பொறியிலோ கோப்பு முழுவதற்கும் இறுதியில் ஒரே ஒரு சோதனை பைட். நிமிஷக்கணக்காகக் காத்திருந்தபின் ‘டேப் லோடிங் எரர்’ என்ற வாசகம் தோன்றினால், அத்தனை நேரமும் வீண். பிழை நேர்ந்தால் நிரலே அதைக் கையாள வழிசெய்யும் கட்டளையும் 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தின் பேசிக்கில் இல்லை.

பிபிசி பேசிக்கில் அது உண்டு. ‘ஆன் எரர்’ என்பது அதன் பெயர். பூஜ்யத்தால் வகுத்தாலும், இல்லாத மாறியைக் கேட்டாலும், எஸ்கேப் விசையை அழுத்தினாலும், நிரல் செத்து விழாமல் அந்த வரிக்குத் தாவும். பிழையின் எண்ணையும் வரி எண்ணையும் ‘இஆர்ஆர்’, ‘இஆர்எல்’ என்ற சொற்கள் சொல்லும். ‘ரிப்போர்ட்’ அதன் வாசகத்தைத் திரையில் எழுதும். ஆனால் தாவிய அக்கணமே, பாதியில் நின்ற சுழற்சிகளும் துணை நிரல்களும் திரும்ப முடியாதபடி அறுந்துவிடும். கோப்போ திறந்தபடியே கிடக்கும். பிழையைச் சமாளிக்கும் வரியிலேயே மற்றொரு பிழை இருந்துவிட்டால், நிரல் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வரும். ஆகையால், அந்த வரி முதலில் ‘ஆன் எரர் ஆஃப்’ என்று தன் பொறியைக் கழற்றி, அடுத்து ‘குளோஸ்#0’ என்று திறந்த கோப்புகளையெல்லாம் மூடி, அதன் பிறகே பிழையை அறிவிப்பது உசிதம். விபரீதம் நேர்ந்த வேளையில் முதலில் கணக்கை மூடிவிட்டுப் பின்னர்க் காரணம் சொல்லும் இந்த வரிசை, எந்தக் கணக்குப்பிள்ளையும் மெச்சத் தக்க வரிசை என்றே எண்ணுகிறேன்.

வாசகங்கள் எல்லாம் ஆங்கிலம். கட்டளையைத் தவறாகத் தட்டினால் திரையில் வருவது ‘மிஸ்டேக்’ என்ற ஒரு சொல். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அது உறைப்பான வரவேற்பாகவே இருந்திருக்கும். அந்தச் சொற்களைத் தமிழில் அமைத்திருந்தால் எத்தனை பேர் அச்சமின்றி விசைப்பலகையைத் தொட்டிருப்பார்கள் என்ற ஏக்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

அந்த நாடாக்களில் எஞ்சியிருப்பவற்றை இக்காலக் கணிப்பொறியில் ஏற்றித் துண்டு துண்டாகப் பிரித்துப் படிப்போர் ஒரு விசித்திரத்தைக் காண்பார்கள். பிபிசி பேசிக் தான் எழுதும் ஒவ்வொரு சொல்லின் முன்னும் அது சொல் என்பதற்கு அடையாளமாக ஒரு பைட்டையும், அதன் நீளத்தையும் வைத்து, பிறகு எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதல் வரை தலைகீழாகப் பதியும். எண்பதுகளில் ஒரு மாணவன் சிரத்தையுடன் தட்டிய பெயர்ப் பட்டியல் அங்கே இருக்கும். கடைசி எழுத்து முதலில் நிற்க, ஒவ்வொரு பெயரும் பின்னிருந்து முன்னாக.