எல்லை தாண்டிய குரல்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் அன்பர் கேட்டபோது, திருவேங்கடத்தைப் பாடிய ஆழ்வார்களைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அதனை எழுத நம்மினும் கற்றோர் இக்குடியிருப்பில் பலர் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் நமக்குத் தெரிந்தவை கட்டணமும் கழித்தல் கூட்டலுமே. ஆகவே, வீடுதோறும் பேசப்படும் ஒரு கட்டணத்தின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். கைபேசிக்கு நாம் கொடுத்துவரும் காசின் வரலாறு அது.

அலிபிரியில் படிக்கட்டுத் தொடங்கும் இடத்தில் ஒரு நாழிகை நின்று பாருங்கள். மூட்டை முடிச்சுகளை ஒப்படைத்துவிட்டு மலையேறப் புறப்படும் அடியார்கள், முதற்படியில் மஞ்சள் குங்குமம் இட்டுத் தொழுததும் அடுத்துச் செய்யும் காரியம், கைபேசியை எடுத்து ஊரிலுள்ளோரிடம் “நாங்கள் ஏறத் தொடங்கிவிட்டோம்” என்று சொல்வதுதான். அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன விலை என்று அவர்களுள் எவரும் எண்ணுவதில்லை. எண்ணியே பேசிய காலம் ஒன்று இருந்தது.

இந்தியாவின் முதற் கைபேசி உரையாடல் 1995-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியிலிருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதே ஆண்டில் சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்னும் இரு நிறுவனங்கள் கடை திறந்தன. அந்நாளில் நெரிசல் வேளையில் ஒரு நிமிடப் பேச்சுக்கு ரூ.16-க்கு மேல் ஆயிற்று. அழைத்தவர் கொடுத்தது போதாதென்று, அழைப்பை ஏற்றவரும் கொடுக்க வேண்டும். உரிமத்துக்காக நிறுவனங்கள் அரசுக்குப் பெருந்தொகை கட்ட ஒப்புக்கொண்டதும், வாடிக்கையாளர் சிலராகவே இருந்ததும் இதற்குக் காரணங்கள். 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான உரிமத் தொகையை நீக்கி, வருவாயில் ஒரு பங்கு என்று மாற்றியது. விலை இறங்கத் தொடங்கியது அதன் பிறகே. 2002-இல் பி.எஸ்.என்.எல்., ரிலையன்ஸ் இரண்டும் கைபேசிச் சேவையில் இறங்கின. 2003 மே முதல் நாளிலிருந்து வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. மணி அடிக்கவிட்டுத் துண்டித்துவிடும் ‘மிஸ்டு கால்’ என்னும் சிக்கனக் கலை நம் மக்களிடையே செழித்ததும் இதன் பிறகுதான்!

இனி நம்மவர்க்கே உரிய துன்பத்துக்கு வருவோம். நாட்டைத் தொலைத்தொடர்பு வட்டங்களாக வகுத்தபோது ஆந்திரம் ஒரு வட்டம், தமிழ்நாடு வேறு வட்டம் என்றாயிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருப்பதியும் புத்தூரும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. அந்த எல்லைக்கோடு புகைவண்டிக் கட்டணத்தை மாற்றவில்லை. நம் துறையில் சீட்டின் விலை தொலைவைப் பார்த்துத்தான். கைபேசியோ கோட்டைப் பார்த்தது. திருப்பதியிலிருந்து நானூறு கல்லுக்கு அப்பாலுள்ள விசாகப்பட்டினத்தோடு பேசினால் அது ஒரே வட்டத்துக்குள் பேசுவது. அடுத்த வீடு போன்ற திருத்தணியோடு பேசினாலோ அது வெளி வட்டத்து எஸ்.டி.டி.! பெண்ணைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்தவர்கள் இதனைச் சொல்லிச் சொல்லி நொந்தனர்.

நாம் இவ்வூர்ப் பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், சென்னைப் பக்கம் போகும் வண்டியில் ஒரு வேடிக்கை காணலாம். ரேணிகுண்டா, புத்தூர் கடந்து ஏகாம்பரகுப்பம் வந்ததும் உடன்வரும் நண்பர்கள் கைபேசியை அணைத்துவிடுவர். பெயரின் நீளத்துக்கே பெயர்பெற்ற வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை நிலையத்தைத் தாண்டிப் பொன்பாடி வந்துவிட்டால் தமிழ்நாட்டு வட்டம். ‘ரோமிங்’ என்ற பெயரால் வரும் அழைப்புக்கும் காசு. சிலர் சட்டைப் பையில் இன்னொரு சிம் அட்டை வைத்திருப்பர். ஓடும் வண்டியில், நகத்தளவு அட்டையைக் கீழே தவறவிடாமல் மாற்றும் அவர்கள் திறமையைக் கண்டு வியந்திருக்கிறோம்.

அட்டை வேறு, கருவி வேறு என்னும் இவ்வழக்கம் நமக்குப் பெரிய பாதுகாப்பு என்பதை இங்கே சொல்ல வேண்டும். பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் கருவியையும் இணைப்பையும் ஒன்றாகக் கட்டி, ஓராண்டு ஈராண்டு ஒப்பந்தத்தில் விற்பது நெடுங்கால வழக்கம். ‘சிம் மட்டும்’ என்பதை அங்கே தனித் திட்டமாக விளம்பரம் செய்கிறார்கள். நம் நாட்டில், ரிலையன்ஸ் போன்றோர் தொடக்கத்தில் கருவியோடு பிணைத்து விற்றதைத் தவிர்த்தால், கருவியை ஒரு கடையிலும் அட்டையை இன்னொரு கடையிலும் வாங்குவதே பெரும்பான்மை. பிடிக்காத கடையை விட்டு எளிதில் வெளியேற அது வழிவிட்டது.

2006 மார்ச் முதல் நாள் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். இரண்டும் இந்தியாவில் எங்கு பேசினாலும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தன. திருத்தணி நமக்கு மீண்டும் அருகில் வந்தது அன்றுதான். 2009-இல் டாடா டொகோமோ நொடிக்கு ஒரு காசு என்று கணக்கிட, மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். 2011 ஜனவரி 20 முதல், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடெங்கும் கிடைத்தது. 2015 ஜூலை 3 முதல் அவ்வுரிமை வட்டம் விட்டு வட்டத்துக்கும் விரிந்தது. மாற்றலாகி வரும் நம் துறையினர்க்கு இது எத்துணை உதவி! அதே ஆண்டு ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புக்குக் கட்டணத்தை நீக்கியது. 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்து பேச்சுக்கே காசில்லை என்றது. ஏகாம்பரகுப்பத்தில் கைபேசியை அணைக்கும் வழக்கம் ஒழிந்தது.

மலிவுக்கும் ஒரு விலை உண்டு என்பதை அதன் பின்னரே அறிந்தோம். 1999 முதல் தமிழ்நாட்டு எளியோரின் இணைப்பாக விளங்கிய ஏர்செல், 2018 பிப்ரவரியில் நொடிப்பு மனுக் கொடுத்தது. எண்ணைக் காப்பாற்ற மக்கள் கடைவாயிலில் காத்துக் கிடந்தனர். ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிறுவனங்கள் மறைந்தும் இணைந்தும், முடிவில் தனியார் மூவரும் அரசு நிறுவனமும் எஞ்சினர். போட்டியாளர் குறைந்ததும் விலை மேல்நோக்கித் திரும்பியது. 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் தனியார் மூவரும் கட்டணத்தை உயர்த்தினர்.

எம் அன்னையார் திருத்தணியை அடுத்த சிற்றூரில் தனியே இருக்கிறார். 2006-இல் ‘வாழ்நாள் இணைப்பு’ என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தில் ரூ.999 கட்டி அவருக்கு அட்டை வாங்கிக் கொடுத்தோம். அவர் எவரையும் அழைப்பதில்லை. நாம் அழைத்தால் எடுப்பார். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் இரவு எத்தனை முறை அழைத்தும் மணி அடிக்கவில்லை. மறுநாளும் அவ்வாறே. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் வண்டியில் ஓடினோம். பொன்பாடி வருமுன் நம் நெஞ்சு பட்ட பாட்டை எழுத இயலாது. அன்னையார் திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “இரண்டு நாளாய் ஏனப்பா பேசவில்லை?” என்று நம்மையே கேட்டார். நடந்தது யாதெனில், 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது ரூ.35 கட்டாதவர்க்கு வரும் அழைப்பும் நிற்கும் என்று புது விதி வந்திருக்கிறது. குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில். வாழ்நாள் என்பது எவருடைய வாழ்நாள் என்று கடையில் கேட்டோம். விடை இல்லை.

அன்று முதல் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு வழக்கமாயிற்று. முதலில் பார்க்க வேண்டியது நாள்களை. 28 நாளை ஒரு மாதம் என்கிறார்கள். பிப்ரவரி நீங்கலாக அப்படியொரு மாதம் எந்த நாள்காட்டியிலும் இல்லை. 28-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 364. ஆகவே மாதம் ரூ.200 என்று நாம் எண்ணும் திட்டம் ஆண்டுக்கு ரூ.2,400 அன்று, ரூ.2,600. தொகையை நாள்களால் வகுத்து, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று ஒப்பிடுவதே நேரான கணக்கு. 2022 ஜனவரியில் டிராய் ஆணையம், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றேனும் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது; கடைக்காரர் தாமாக அதனைச் சொல்வது அரிது, கேட்டுப் பெற வேண்டும். அடுத்து, நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி., இரண்டு ஜி.பி. என்று தருவதில் நம் வீட்டில் உண்மையில் செலவாவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நள்ளிரவில் மிச்சம் அழிந்துவிடும். உண்ணாத சோற்றுக்கு இலைக்காசு கொடுப்பது போன்றது அது.

பி.எஸ்.என்.எல். மலிவு என்று மாறுவோர் பலர். 2025 செப்டம்பர் 27-இல் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தாலான அதன் 4ஜி சேவை தொடங்கி வைக்கப்பட்டது. எனினும், பக்கத்து வீட்டாரின் அட்டையை இரவல் வாங்கி, உங்கள் அடுக்களையில் நின்று பேசிப் பார்த்த பின்னரே மாறுங்கள். கோபுரம் எட்டாத வீட்டில் மலிவு பயன்படாது.

2024 டிசம்பரில் டிராய், இணையம் வேண்டாதவர்க்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் தர வேண்டும், அதன் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்று விதித்தது. மறு மாதமே அத்தகைய திட்டங்கள் வந்தன. எண் மாறாமல் வேறு நிறுவனத்துக்கு மாற்றி, அன்னையாருக்கு அதனையே கட்டினோம். முடியும் நாளை, அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டோம். நம் அலுவலக மேசையில் உள்ளதிலும் ஒரு வட்டம் இருக்கிறது.