பொறுதி எழுதப்படும் இடம்

வரைந்த அளவு வழுவாமல் ஓர் இயந்திர உறுப்பைச் செய்துவிட முடியாது. பத்து மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தால், கடைசல் எந்திரம் தருவது 10.02 ஆகவோ 9.97 ஆகவோ இருக்கும். ஆகவே, அளவைச் சொல்பவர் எவ்வளவு பிசகை ஏற்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். பட்டறைகளில் டாலரன்ஸ் என்றே வழங்கும் இதை நாம் பொறுதி என்போம். இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். எங்கே எழுதப்பட்டது செல்லும், எங்கே எழுதப்பட்டது செல்லாது என்பது நமக்கு அந்நியமான கேள்வி அல்லவே.

பிரான்சின் மெசியேர் படைப்பள்ளியில் 1760களில் காஸ்பர் மோன்ஜ், திண்பொருளைச் சமதளங்களில் வீழ்த்தி வரையும் முறையை வகுத்தார். கோட்டை கட்டப் பயன்பட்டதால் அது சிலகாலம் படை ரகசியமாகவே இருந்தது. பின்னர் உலகெங்கும் பொறியாளர்களின் மொழி அதுவே ஆயிற்று. அந்த வரைபடங்களின் ஓரத்தில் ஓர் எச்சரிக்கை இருப்பது வழக்கம்: கோட்டின் மேல் அளவுகோல் வைத்துப் பார்க்காதே. காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். எழுதிய எண்ணே ஆணை. கோடு வெறும் சாட்சி.

அந்த எண்ணிலும் ஒரு குறை இருந்ததைக் கண்டவர் ஸ்டான்லி பார்க்கர். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டிரியாவில் (எகிப்தில் அல்ல) இருந்த அரசு டார்பிடோ ஆலையில் பணியாற்றியவர். ஒரு துளையின் மையம் இடவலமாகவும் மேல்கீழாகவும் 0.1 மி.மீ. விலகலாம் என்றால், ஏற்கப்படும் பரப்பு ஒரு சதுரம். மூலையை ஒட்டி 0.14 விலகிய துளை தேறிவிடும்; நேர் வலப்புறம் 0.12 விலகியது கழிக்கப்படும். ஆனால் துளைக்குள் போகும் ஆணிக்குத் திசை தெரியாது. மூலையிலேயே அது பொருந்துமென்றால், அதே தொலைவில் எல்லாத் திசையிலும் பொருந்தவேண்டும். மூலைகளைத் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால் பரப்பு 57 சதவீதம் கூடுகிறது. அதுவரை கழிவுக் குவியலுக்குப் போன நல்ல உறுப்புகள் அந்தக் கூடுதல் பரப்பில்தான் இருந்தன. 1938ஐ ஒட்டி உருவான இக்கருத்து, இன்றைய வடிவப் பொறுதிக் குறியீடுகள் அனைத்துக்கும் வித்து. பிற்கால மென்பொருள் சாதனைகளைவிட இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

கணினி வந்தது. 1994இல் பறந்த போயிங் 777 காட்டியா என்ற மென்பொருளில் முப்பரிமாண மாதிரியாக வடிவமைக்கப்பட்டது. ஆயினும், அக்காலத் தொழிலகங்களில் பொதுவாக, வடிவம் மாதிரியில் இருந்தது, பொறுதியோ வரைபடத்தில் தங்கிவிட்டது. ஒரு பொருளுக்கு இரண்டு ஆவணங்கள். மாதிரியைத் திருத்தியவர் படத்தைத் திருத்த மறந்தால் எது செல்லும்? பரிசோதகர் படத்தைப் பார்த்து எண்களைக் கையால் அளவீட்டு எந்திரத்துக்குள் இடுவார். ஒரு இலக்கம் பிறழ்ந்தால் தவறு யாருடையது?

2003இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் ஒய்14.41 என்னும் தரவிதியை வெளியிட்டது. 2006இல் ஐஎஸ்ஓ 16792 வந்தது. பொறுதியையும் குறிப்புகளையும் மாதிரியின் மேலேயே, உரிய முகத்தோடும் துளையோடும் பிணைத்து எழுதும் முறைக்கு இவை இலக்கணம் வகுத்தன. இங்கே பழைய எச்சரிக்கை தலைகீழானது. துல்லிய அளவை இனி எழுத வேண்டியதில்லை, மாதிரியையே கேட்டுக்கொள்ளலாம். எழுத வேண்டியதாக எஞ்சியது பெரும்பாலும் பொறுதி மட்டும்தான்.

எழுதியதெல்லாம் ஒன்றுபோல் அல்ல. திரையில் தெரியும் குறியீடு சில வேளை கோடுகளால் ஆன வெறும் படமாக இருக்கும். மனிதக் கண் வாசிக்கும், எந்திரம் வாசிக்காது. பொருளோடு பதிந்தால்தான் அளவீட்டு எந்திரம் தானே புரிந்துகொள்ளும். 2014இல் வந்த ஸ்டெப் ஏபி242 என்ற பொதுக் கோப்புமுறை, பொருளோடு பதிந்த பொறுதியை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்ல வழிசெய்தது.

1962இல் கடைசியாகக் கட்டப்பட்ட பி-52 விமானங்கள் இன்னும் பறக்கின்றன. அவற்றின் வரைபடங்களை வாசிக்கக் கண் போதும். மாதிரியைத் திறக்கவோ ஒரு மென்பொருள் வேண்டும். விமானத்தின் ஆயுள் மென்பொருளுக்கு இல்லை. ஸ்டெப் கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண எழுத்துகளும் எண்களும்தான், வரிவரியாக.