காணிக்கை: கண்டு கொடுத்ததும் காணாதவர்க்குக் கொடுப்பதும்

'காணிக்கை' என்ற சொல்லின் வேர் 'காண்' என்னும் வினை. பெரியவர் ஒருவரைக் காணப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. ஓர் எலுமிச்சம்பழமாவது கையில் இருக்கும். அப்படிக் காணும்போது முன்னால் வைக்கும் பொருள்தான் காணிக்கை. தெலுங்கில் இது 'கானுக', கன்னடத்தில் 'காணிகெ', மலையாளத்தில் 'காணிக்க'. தென்னாட்டு மொழிகள் நான்கிலும் வேரூன்றிய இந்தச் சொல், விவிலியம் தமிழுக்கு வருவதற்கு முன்பே நம் வாயில் புழங்கியது.

அந்தப் பழைய பொருளில் காணிக்கைக்கு ஒரு திசை உண்டு. அது கீழிருந்து மேலே போகும். குடியானவர் ஊர்த்தலைவருக்கும், தலைவர் அரசனுக்கும், எல்லாரும் தெய்வத்துக்கும் வைப்பது அது. மனமுவந்து வைத்தது நாளடைவில் கட்டாயமாகவும் ஆனது. விஜயநகரக் காலக் கல்வெட்டுகள் அடுக்கிச் சொல்லும் வரிகளுக்கு நடுவே 'காணிக்கை'யும் வருகிறது. அன்பளிப்பாகத் தொடங்கிய ஒன்று வரியாக இறுகிவிட்டதை அந்தக் கற்களில் வாசிக்கலாம்.

தமிழில் விவிலியத்தைப் பெயர்த்தவர்கள் இந்தச் சொல்லைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பெத்லகேமில் குழந்தையைக் கண்டு பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்த இடத்தில் காணிக்கை என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. அங்கும் கண்டபிறகே கொடுக்கிறார்கள். ஏழை விதவை இரண்டு காசு போட்ட பெட்டிக்குக் 'காணிக்கைப்பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பவுல் திரட்டிய பணத்துக்கு வேறு சொல் தேவைப்பட்டது. எருசலேமில் வறுமையில் வாடிய சபையாருக்காக அவர் மக்கெதோனியாவிலும் கொரிந்துவிலும் பணம் சேர்த்தார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெறுபவரின் முகத்தைப் பார்த்ததில்லை. அந்தப் பணத்தைத் தமிழ் விவிலியம் 'தர்மப்பணம்' என்றது. இறைவனுக்கு வைப்பது காணிக்கை, இல்லாதவருக்குக் கொடுப்பது தர்மம் என்று இரண்டும் தனித்தனியாக நின்றன. தமிழ்க் கிறிஸ்தவரின் பேச்சு வழக்கில் பிறகு இவை ஒன்றாயின. 'மிஷனெரிக் காணிக்கை' என்ற தொடரைச் சொல்லும்போது, பீடத்தில் வைப்பதும் தூரத்து ஏழைக்குப் போய்ச் சேர்வதும் ஒரே பணம்தான் என்று ஆகிவிடுகிறது.

உண்டியலின் கதையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. வடநாட்டு 'ஹுண்டி' என்பது வணிகரின் பணமாற்றுச் சீட்டு. ஓர் ஊரில் பணம் கட்டி, இன்னோர் ஊரில் அதைப் பெறுவதற்கான சீட்டு அது. செட்டிநாட்டு வணிகர்கள் கடல் கடந்த கொடுக்கல் வாங்கலுக்கு உண்டியலைத்தான் நம்பினார்கள். வங்கி வழியாக இல்லாமல் பணம் அனுப்புவதை இலங்கைத் தமிழர் இன்றும் உண்டியல் என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்தான் கோயில் பெட்டிக்கும் பெயரானது. பெட்டிக்குள் போடும் பணம் பெட்டியோடு நின்றுவிடக் கூடாது, வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

காணாதவர்க்குக் கொடுத்த கதைகளில் திருநெல்வேலிக்கு நெருக்கமானது சாராள் தக்கருடையது. சென்னையில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலராக இருந்த ஜான் தக்கரின் தங்கை அவர். உடல்நலம் குன்றிய அவர் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அண்ணனின் கடிதங்கள் வழியாகத் திருநெல்வேலிப் பெண்களின் நிலையை அறிந்து, அவர்களின் படிப்புக்காகத் தோழியரிடம் பணம் திரட்டினார். 1857இல் அவர் இறந்த பிறகு, அந்தத் தோழியர் சேர்த்த நிதியில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்று உருவானது. பாளையங்கோட்டையில் இன்று சாராள் தக்கர் கல்லூரியாக நிற்பது அதுதான். அந்த ஊரையே பார்க்காத ஒருவரின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் திருநெல்வேலிப் பெண்கள் தங்கள் சான்றிதழில் சுமக்கிறார்கள். அதே பாளையங்கோட்டையில் 1890களில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தியபோதும், பின்னால் நின்றது இப்படித் திரண்ட பணமே.

வேலூரிலும் இதே கதைதான். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஐடா ஸ்கடரிடம், வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர், இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் வேலூரில் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை அந்தப் பணத்தில் எழுந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்ற ஆலமரத்துக்கு விதை அது.

இதுவரை சொன்னவற்றில் கொடுத்தவர் மேல்நாட்டார், பெற்றவர் தமிழர். அந்த வரிசையைத் தமிழரே மாற்றினார்கள். 1900இல் யாழ்ப்பாணத்து மாணவர்கள் ஒரு மிஷனெரிச் சங்கம் தொடங்கி, கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1902இல் யாழ்ப்பாணம் போன வேதநாயகம் சாமுவேல் அசரியா அதைக் கண்டு, அது நெஞ்சில் தைக்கத் திரும்பினார். வெள்ளாளன்விளையில் பிறந்த அவரும் நண்பர்களும் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆளும் இந்தியர், பணமும் இந்தியர் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில் என்பது அதன் உறுதி. நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல் அவர்களின் களமானது. திருநெல்வேலிச் சீமையில் பனையேறியும் வயலில் உழைத்தும் பிழைத்த குடும்பங்களின் காசு, தெலுங்கு பேசும் நிலமற்ற கூலிகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனது. 1912 டிசம்பரில் அசரியா ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கொடுத்தலைப் பற்றித் தனி நூலே எழுதிய அவர், மிக ஏழையான சபையும் கொடுக்கப் பழக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். வாங்கிக்கொண்டே இருப்பவர் தலைநிமிர முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஏழை எதைக் கொடுப்பார்? அதற்கு விடை பிடியரிசி. உலை கொதிக்கும்போது வீட்டுக்காரி அன்றைய அரிசியை அளந்து எடுப்பாள். அதைக் களைவதற்கு முன் ஒரு கைப்பிடி அள்ளி, பக்கத்தில் இருக்கும் சிறு பானையில் போடுவாள். யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. குறைவது ஆளுக்கு ஒரு கவளம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பானை சபையின் கோயிலுக்கு வரும். எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகக் கொட்டப்படும்போது புழுங்கலும் பச்சையும் கலந்து கிடக்கும். அளந்து விற்ற பணம் கணக்கில் ஏறும். இந்த வழக்கம் எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை. விருதுநகரில் நாடார் சமூகத்தார், வணிகர்கள் தரும் மகமையோடு பிடியரிசியும் திரட்டி நடத்திய க்ஷத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபையார் 1910 முதல் இதையே 'புஃபாய் தாம்' என்று நடத்துகிறார்கள். அந்தச் சொல்லுக்கும் கைப்பிடி அரிசி என்றே பொருள். அந்த அரிசியின் வலுவில் சிறிய மலைநாடு ஒன்று இந்தியா முழுவதும் மிஷனெரிகளை அனுப்புகிறது.

தென்மாவட்டக் கிறிஸ்தவக் கோயில்களில் ஏலமும் உண்டு. ஆராதனை முடிந்ததும் வாசலில் வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, நாட்டுக்கோழி, ஒரு தட்டு முட்டை எல்லாம் வரிசையாக இருக்கும். முதல் காய்ப்பு, முதல் ஈற்று என்று நேர்ந்துகொண்டு வந்தவை அவை. சந்தையில் கிடைக்கும் விலையைத் தாண்டி ஏலம் ஏறும். எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொல்வதும் உண்டு. காசில்லாதவரின் கோழி, காசுள்ளவரின் பணமாக மாறி ஊழியத்துக்குப் போகிறது. பல ஊர்ச் சபைகள் சேர்ந்த அமைப்புக்குத் திருநெல்வேலியில் 'சேகரம்' என்று பெயர். ஆட்களையும் அரிசியையும் காசையும் சேர்த்தெடுப்பதே சபையின் வேலை என்று அந்தப் பெயர் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

இப்போது முதல் சொல்லுக்கு வருவோம். காணும்போது கொடுத்தது காணிக்கை என்றால், காணாதவர்க்குக் கொடுப்பதை அப்படி அழைப்பது எப்படிச் சரியாகும்? சரியாக வேண்டுமானால் இரண்டு பக்கமும் கடமை உண்டு. கொடுத்தவர் காண வேண்டும். மிஷனெரி எழுதும் கடிதமும், சபை நடுவே வாசிக்கப்படும் வரவு செலவும் வெறும் சடங்கல்ல. ஒரு பிடி அரிசி எந்தப் பிள்ளையின் பலகைக்கும் எந்த நோயாளியின் மருந்துக்கும் போனது என்று அறிய, அந்த அரிசியைக் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. கணக்கு மறைந்தால் காணிக்கை பழைய வரியாகவே மீண்டும் இறுகிவிடும். அடுத்த கடமை கொண்டுபோகிறவருடையது. பசித்தவரிடம் நம்பிக்கையை விலையாகக் கேட்காமல் சோற்றை வைக்க வேண்டும். பெறுகிறவரைத் தாழ்ந்தவராகப் பாராமல், வீட்டுப் பெரியவரைக் காண்பதுபோல் காண வேண்டும். மேலிருப்பவர்க்கு வைத்ததை இல்லாதவர்க்கு வைக்கத் தொடங்கியபோது அந்தச் சொல்லின் மரியாதை குறையவில்லை. அந்த மரியாதை முழுவதும் ஏழைக்குப் போய்ச் சேர்ந்தது. கோயில் வாசலில் திரளும் ஒவ்வொரு நிதிக்கும் நாம் வைக்க வேண்டிய அளவுகோல் இதுவே.