அயர்லாந்தில் வீட்டுப் பாலாடைக்கட்டி மீண்ட கதை

மேய்ச்சலுக்கும் பாலுக்கும் பெயர்பெற்ற அயர்லாந்தில், 1970களில் வீட்டிலேயே பாலாடைக்கட்டி (சீஸ்) செய்யத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ இல்லாமல் போயிருந்தனர். மறைந்த அந்தக் கைத்தொழில் மீண்டும் தளிர்த்ததில் நாட்டின் தென்மேற்குக் கோடியிலிருந்த ஒரு சமையலறைக்குப் பெரும் பங்கு உண்டு.

இடைக்கால அயர்லாந்து மக்களின் உணவில் பாலாடைக்கட்டி முக்கிய இடம் பெற்றிருந்தது. பழைய ஐரிய இலக்கியத்தில் அதன் பல வகைகள் பேசப்படுகின்றன. கவணில் வைத்து எறியப்பட்ட காய்ந்த பாலாடைக்கட்டி பட்டே அரசி மேவ் இறந்தாள் என்று ஒரு தொன்மக்கதை சொல்கிறது. அக்காலக் கட்டி எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை! பின்னாளில் வெண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. 1770இல் அமைந்த கார்க் நகர வெண்ணெய்ச் சந்தையிலிருந்து உப்பிட்ட வெண்ணெய் பீப்பாய்களில் கடல்கடந்து சென்றது. குடியானவர் வெண்ணெயை விற்று நிலக்குத்தகை கட்டினர். வீட்டுக்கு மிஞ்சியது மோர். பாலாடைக்கட்டி செய்யப் பால் மிச்சமில்லாதபோது, செய்முறை தாயிடமிருந்து மகளுக்குப் போவதும் நின்றது.

கார்க் மாவட்டத்தின் பியாரா தீபகற்பத்தில் மில்லீன்ஸ் என்னும் இடத்தில் வெரோனிக்கா ஸ்டீலும் அவருடைய கணவர் நார்மனும் குடியேறினர். நார்மன் தத்துவ ஆசிரியர். அவர்கள் வாங்கிய பிரிஸ்கெட் என்ற ஒற்றைக் கொம்புப் பசு, குடும்பத்தால் குடித்துத் தீர்க்க முடியாத அளவுக்குப் பால் கறந்தது. அதை வீணாக்க மனமில்லாமல் 1976 வாக்கில் வெரோனிக்கா பாலாடைக்கட்டி செய்து பார்த்தார்.

அவர் முதலில் முயன்றது செடார் வகை. தொடக்கநிலையாளர் பலரும் இதில்தான் இறங்குகிறார்கள், இதுவே கடினமானது. இளஞ்சூடான பாலில் தயிருக்கு உறை ஊற்றுவதுபோல நுண்ணுயிர் உறையைச் சேர்த்து, பிறகு ரென்னெட் இட வேண்டும். இது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் நொதி. முக்கால் மணி நேரத்தில் பால் அல்வாபோல் இறுகும். அதைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சூடேற்றி, தெளிநீரை வடித்து, உப்பிட்டு, பாரம் வைத்து அழுத்த வேண்டும். பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அளவே தேறும். அதன்பின் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டில் செய்யும் சிறிய கட்டி எளிதில் உலர்ந்து வெடிக்கும். இன்று செய்த பிழை அடுத்த பருவத்தில்தான் நாக்குக்குத் தெரியும். கற்பவரின் பொறுமையைச் சோதிப்பது இந்தத் தாமதமே.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் செடாரோடு போராடியபின் வெரோனிக்கா மென்மையான வகைக்கு மாறினார். மேற்புறத்தை உப்புநீரால் அடிக்கடி கழுவி வளர்க்கும் இந்த வகை சில வாரங்களிலேயே பக்குவமாகும். அதனால் பிழையும் திருத்தமும் அடுத்தடுத்து நிகழ முடிந்தது. ஈரமான கடற்காற்றும் கைகொடுத்தது. மேல்தோலில் செம்மஞ்சள் நிறமும் கடும் மணமும் தரும் பாக்டீரியாக்களுக்கு ஈரப்பதம் தேவை. செடாருக்கு இடையூறான ஈரம் இங்கே உதவியாயிற்று.

மில்லீன்ஸ் என்ற ஊர்ப் பெயரே கட்டியின் பெயராயிற்று. அருகிலுள்ள ஸ்னீம் ஊரின் உணவகம் ஒன்றில் அது பரிமாறப்பட்டது. பாலிமலோ விடுதியை நடத்திய புகழ்பெற்ற சமையல் கலைஞர் மிர்ட்டில் ஆலன் போன்றோர் அதைப் பாராட்டினர். வெரோனிக்கா தாம் கற்றதை ஒளிக்காமல் பிறருக்கும் சொல்லிக் கொடுத்தார். 1979 வாக்கில் அதே மாவட்டத்தில் டரஸ், கபீன், கூலே ஆகிய பண்ணைக் கட்டிகளும் தோன்றின. அவற்றில் கூலே, அயர்லாந்தில் குடியேறிய ஒரு டச்சுக் குடும்பம் தாய்நாட்டுச் சுவையை நினைத்துச் செய்தது.

1983இல் இத்தகைய பண்ணைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். அதற்குக் ‘காஷ்’ என்று பெயரிட்டனர். லத்தீனிலிருந்து வந்து ஐரிய மொழியில் நிலைத்த அச்சொல்லுக்குப் பாலாடைக்கட்டி என்றே பொருள். வெரோனிக்கா ஸ்டீல் 2017 ஜனவரியில் காலமானார்.