ஒரே பையா, தனித்தனிப் பையா: மடற்குழு வழங்கிகளின் வேகம் வளர்ந்த விதம்

மடற்குழு வழங்கியின் வேலை, வந்த ஒரு மடலை உறுப்பினர் எல்லோருக்கும் சேர்ப்பது. மடல் சிறியது, முகவரிகள்தான் ஏராளம். வழங்கியின் நேரம் பெரும்பாலும் எதிர்முனையின் பதிலுக்குக் காத்திருப்பதிலேயே கழிகிறது. நாற்பது ஆண்டுகளாக இத்துறையில் நடந்த திருத்தங்களில் பல இந்தக் காத்திருப்பைக் குறைக்க வந்தவை.

அவற்றில் முதல் உபாயம் தபால்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். ஆனால் திருவள்ளூர் சென்னை–அரக்கோணம் ரயில் பாதையிலும், கும்மிடிப்பூண்டி சென்னை–கூடூர் பாதையிலும் இருக்கின்றன. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு முறையில் திருவள்ளூர் 602001, கும்மிடிப்பூண்டி 601201. முதல் மூன்று இலக்கங்களிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைக்கு வரும் கடிதத்தில் மாவட்டப் பெயர் என்ன என்பது பிரிப்பவருக்கு முக்கியமில்லை. ஒரே வழியில் போவதெல்லாம் ஒரே பையில் போகவேண்டும், அவ்வளவுதான்.

1986 இல் எரிக் தாமஸ் எழுதிய லிஸ்ட்செர்வ், பிட்நெட் என்ற பல்கலைக்கழக வலையமைப்பில் இதையே செய்தது. ஐரோப்பாவில் நூறு உறுப்பினர் இருந்தாலும் அட்லாண்டிக்கைக் கடப்பது ஒரே பிரதி. அக்கரையில் உள்ள இன்னொரு லிஸ்ட்செர்வ் அதைப் பிரித்துக் கொடுக்கும். ‘டிஸ்ட்ரிபியூட்’ எனப்பட்ட இந்த நெறிமுறை 1993 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. எனப்படும் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 1429 ஆம் எண்ணாக வெளியானது.

இணையத்தின் பக்கத்தில் இப்படி ஒரு பங்கீட்டு ஏற்பாடு இல்லை. 1992 இல் பிரென்ட் சாப்மன் எழுதிய மேஜர்டோமோ உறுப்பினர் பட்டியலை நிர்வகித்தது; மடலைச் சுமந்தது பெரும்பாலும் சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரல். அது ஒரு மடலுக்கான முகவரிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தது. நடுவில் ஒரு கணினி செத்துக் கிடந்தால், இணைப்புக்கான காலக்கெடு முடியும்வரை பின்னால் இருந்தவர்களும் காத்திருந்தார்கள். கீத் மூர் எழுதிய பல்க்_மெயிலர் என்ற சிறு நிரல், முகவரிகளைக் களப்பெயர் வாரியாக அடுக்கித் துண்டு துண்டாகக் கொடுத்து இந்த நெரிசலைத் தளர்த்தியது. பழைய தபால் பை மீண்டும் வந்தது என்றே சொல்லலாம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டில் சிட்னியிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட், பல நாட்டுத் தமிழரை ஒரே மடற்குழுவில் சேர்த்தது. இந்தியாவின் வெளிநாட்டு இணைப்புகளில் செயற்கைக்கோளுக்குக் கணிசமான பங்கு இருந்த காலம் அது. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஏறக்குறைய அரை நொடி ஆகும். ஒரே களத்தில் ஐம்பது பேர் இருந்து, ஒவ்வொரு முகவரியாகச் சொல்லி ஒப்புதல் வாங்கினால் 25 நொடி அதிலேயே போய்விடும். 1995 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1854, பதிலுக்கு நிற்காமல் கட்டளைகளைத் தொடர்ச்சியாக அனுப்ப வழி செய்தது. ஐம்பது ஒப்புதலும் ஒரே போய்வரவில் முடிந்தன.

தமிழுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. ‘தமிழ்’ என்ற சொல் டிஸ்கி குறியேற்றத்தில் 4 பைட், யூனிகோடு யு.டி.எஃப்-8 இல் 15. பழைய ஏழு பிட் வழித்தடங்களுக்காகப் பேஸ்64 முறையில் மாற்றினால் அந்த 15 பைட் 20 ஆகும். குவோட்டட்-பிரின்டபிள் முறையில் 45 ஆகும். தமிழ் மடலுக்குப் பேஸ்64 தான் சிக்கனம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

1997 இல் டேனியல் பெர்ன்ஸ்டைனின் கியூமெயில் என்ற அஞ்சல் நிரல், பை கட்டும் முறைக்கு எதிர்த்திசையில் போனது. ஒவ்வொரு பெறுநருக்கும் தனிப் பிரதி, தனி இணைப்பு. இயல்பாக ஒரே நேரத்தில் 20 இணைப்புகள். செத்த கணினி ஒன்று ஓர் இணைப்பைத்தான் முடக்கும், மற்றவை ஓடும். அலைவரிசை வீண் என்ற கண்டனம் எழுந்தது. மெல்லிய இணைப்பில் அது நியாயமே. தாராளமான இணைப்பில் கியூமெயில் பக்கமே நியாயம் கூடுதல். 1998 டிசம்பரில் வீட்சே வெனிமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டுக்கும் நடுவே நின்றது. ஒரு பிரதிக்கு 50 பெறுநர். ஓர் இலக்குக்கு 5 இணைப்பில் தொடங்கி, எதிர்முனை தாங்கினால் 20 வரை.

சென்னையின் லினக்ஸ் பயனர் குழுவின் மடற்குழு, ஐ.ஐ.டி. மெட்ராஸின் விமானப் பொறியியல் துறை வழங்கியில் பல ஆண்டுகள் மெயில்மேன் என்ற மடற்குழு நிரல் கொண்டு இயங்கியது. மெயில்மேன் 2.1 இல் ஒரு தொகுதிக்கு 500 பெறுநர் என்பது இயல்பு அளவு. அதைக் குறைத்தால் தொகுதிகள் பெருகி இணையாக நகரும். மிகவும் குறைத்தால் ஒரே மடல் வரிசையில் நூறு முறை எழுதப்பட்டு வட்டு திணறும். இதைவிடப் பலன் தருவது அதே கணினியில் ஒரு டி.என்.எஸ். தற்காலிக நினைவகம். ஒவ்வொரு களத்தின் விலாசத்தையும் வெளியே போய் விசாரிக்கும் நேரம் அதனால் மிச்சமாகும்.

திரும்பி வரும் மடல் யாருடையது என்று கண்டறிய ஒவ்வொரு பெறுநருக்கும் தனித்தனி அனுப்புநர் முகவரி இடும் முறையும் பெர்ன்ஸ்டைன் தந்ததே. அதை இயக்கினால் பை கட்டும் வசதி முற்றாகப் போய்விடும். வேகமா, செத்த முகவரிகளை நீக்கும் துப்புரவா என்று நிர்வாகி தேர்ந்தெடுக்கவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் இயக்குவது நல்ல சமரசம்.

பிறகு பெறுநர்கள் ஜிமெயில், யாகூ போன்ற சில பெரிய களங்களில் குவிந்தார்கள். 2014 ஏப்ரலில் யாகூ, தன் பெயரில் வேறு வழங்கி அனுப்பும் மடலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் தன் டிமார்க் கொள்கையைக் கடுமையாக்கியபோது, யாகூ உறுப்பினர் எழுதிய மடற்குழு மடல்கள் பல இடங்களில் நிராகரிக்கப்பட்டன. மடற்குழுக்கள் மடலில் தெரியும் அனுப்புநர் முகவரியையே மாற்றி எழுதத் தொடங்கின. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்று அனுப்புநர் சரிபார்ப்பு முறைகளையும் வைத்திருக்கவேண்டும் என்று கூகுள் விதித்தது. வழங்கி எவ்வளவு வேகமாக அனுப்பினாலும், எந்த வேகத்தில் வாங்கிக்கொள்வது என்பதை இப்போது பெறும் நிறுவனமே முடிவுசெய்கிறது.